அஸ்மாராவுக்குக் கொண்டுபோன செய்தி

பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், மரக்கறிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே உள்ள சுவரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஷெஃபின் முகம் ஒட்டப்பட்டது. வெள்ளைத் தொப்பி, நரைத்த மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. கீழே, ‘எரித்திரியா அஸ்மாராவைப் பிறப்பிடமாகவும் பாரிசை வதிவிடமாகவும் கொண்ட’ என்று எங்கள் ஆட்களுக்கு எழுதுகிற அதே வசனம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒருவர் கண்ணை மூடினால் நாங்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். முகத்தை அச்சடித்து ஒட்டிவிட்டால் புறநகரான வில்லியே லே பெல்லில் இருக்கிறவருக்கும் மத்தியானத்துக்குள் சேதி போய்விடும். இத்தனை வருடம் எங்களோடு நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதருக்கு அதைக்கூடச் செய்யாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள அச்சகத்துக்குப் போனது நானும் வேலணை அண்ணையும். எங்கள் ரெஸ்ரோரன்ற்றில் சட்டிபானை கழுவுகிறவர் அவர். ஊர்ப்பெயரே ஆளுக்கும் பெயராகிவிட்டது. கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவன் தலையைச் சொறிந்தான்.

“அஸ்மாரா எண்டால் எங்கை அண்ணை? தீவுப்பகுதியோ?”

“ஓம், நயினாதீவுக்கு அங்காலை. நீ அடி,” என்றார் வேலணை அண்ணை.

அந்தக் கிழமை நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மத்தியானம் கடைக்காரர் போன் எடுத்தார்: “ஒரு பொம்பிளை வந்து நிண்டு உங்கடை நோட்டீசைப் பிய்க்கிறா. விசரி போலை கிடக்கு. கெதியா வாங்கோ.” ஓடினேன். சுவருக்கு முன்னால் நின்றவர் ஷெஃபின் சிற்றன்னை மகள், ஆஸ்பத்திரியில் கண்டிருந்தேன். நகத்தால் கடதாசியின் ஓரங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கை வைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. ஓரங்கள் மட்டும் பிய்ந்து தொங்கின. என்னைக் கண்டதும் பிரெஞ்சில் கத்தினார்: “எடுங்கள், எல்லாவற்றையும் எடுங்கள். அவனுடைய அம்மாவுக்கு இன்னும் தெரியாது!”

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரை இருத்தி வைத்துத்தான் விஷயத்தை விளங்கிக்கொண்டோம். அவர்களுடைய முறையில் சாவை போனில் சொல்வதில்லை. கடிதத்திலும் இல்லை. பெரியவர்களும் அயலவர்களும் ஒன்றாகச் சேர்ந்து, பொழுது விடிகிற நேரத்தில், அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று சொல்லவேண்டும். விழுந்தால் பிடிக்க ஆட்கள் இருக்கவேண்டும், அழுதால் கூட அழ ஆட்கள் இருக்கவேண்டும். அதுவரைக்கும் ஊர் முழுவதற்கும் தெரிந்தாலும் பெற்றவளுக்குத் தெரியக்கூடாது. “எங்கள் ஆட்களில் ஒருவன் இந்தத் தெருவால் போய் இதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்,” என்றார். “அந்த மனுசி சந்தையில் நிற்கும்போது யாரோ ஒருவன் போனை நீட்டிக் காட்டுவான்.”

வேலணை அண்ணை எழும்பினார். போய் ஒரு வாளி வெந்நீரும் குசினியில் அடிப்பிடித்த சட்டிக்குப் போடுகிற சுரண்டியும் கொண்டுவந்தார். சுவர் சுவராகப் போய் நனைத்து, ஊறவிட்டு, முகம் கிழியாமல் உரித்தார். உரித்ததை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “சட்டி கழுவுற கையாலை ஷெஃபையும் கழுவவேண்டி வந்திட்டுது,” என்றார்.

ஷெஃபைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு பஸ்தா என்றால் நூல் மாதிரி ஒரு சாமான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எங்கள் ரெஸ்ரோரன்ற்றின் பெயர்ப்பலகையில் இத்தாலிய நகரம் ஒன்றின் பெயர் இருந்தது. குசினிக்குள் ஒரு இத்தாலியன்கூட இல்லை. “நான் எரித்திரியன், நீங்கள் தமிழர், முதலாளி துனிசியாக்காரன், பலகையில் மட்டும் இத்தாலி. சாப்பிட வாறவனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை,” என்று சேர்ந்த அன்றே எனக்குச் சொன்னார். அவர் சொன்னது பிரெஞ்சில். எனக்கு அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல வசனம் ஒன்று யாராவது சொன்னால் அதை எங்கள் பேச்சாக மாற்றி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அவருக்கு இத்தாலிய மொழி சரளம். அஸ்மாராவில் இத்தாலியர்கள் விட்டுப்போன பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய பாட்டனாரை, எங்கள் பேச்சில் அப்புவை, இத்தாலியர்கள் சிப்பாயாக எடுத்து எங்கேயோ பாலைவனத்தில் சண்டை பிடிக்க அனுப்பினார்களாம். அதே அப்புவுக்கு ஊரில் பெரிய வீதியால் நடக்க அனுமதி இல்லையாம். “வெள்ளைக்காரன் போகேக்கை கோப்பி மெஷினை விட்டிட்டுப் போனான். மெஷின் நல்ல மெஷின், அதிலை எனக்குக் கோவமில்லை,” என்பார். உங்களுக்கு இங்கிலிஷ்காரன் என்னத்தை விட்டுப்போனான் என்று கேட்டார் ஒருநாள். தேத்தண்ணி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்கள் பேரம் பேசத் தெரியாத சனம்,” என்றார்.

சண்டையைப் பற்றி அவர் பேசியது குறைவு. அவர்கள் கேட்ட விடுதலை அவர்களுடைய நாட்டுக்குக் கிடைத்தது. கிடைத்த பிறகு, முடிவே இல்லாத கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பி எல்லை தாண்டினார். அனுமதியில்லாமல் வெளியேறியவர் திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் பொடியள் ஓகஸ்ற் மாதம் கொன்ஜே என்று லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வெளிக்கிடும்போது குசினி வாசலில் நின்று சூட்கேசுகளைப் பார்ப்பார். “எங்களுக்கு நாடு கிடைச்சுது, போகேலாது. உங்களுக்குக் கிடைக்கேல்லை, போட்டு வாறியள். இதிலை ஆர் வெண்டது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

குளிர்காலத்தில் ஒருநாள் மத்தியான வேலைக்கு நடுவில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். அம்புலன்சில் கூடப் போனது நான். கடைசிவரைக்கும் பக்கத்தில் இருந்ததும் நான்தான். அதனால்தான் இந்தக் கதை எனக்கு வந்து சேர்ந்தது.

அஸ்மாராவில் ஷெஃபின் தாயாருடைய தம்பியார் இருந்தார். எல்லாரும் மாமா என்றுதான் சொன்னார்கள். மகன் கப்பலில் சமைக்கப் போய்விட்டான், நடுக்கடலில் போன் எடுக்காது என்று அவர் தமக்கைக்குச் சொல்லி வைத்திருந்தார். பாரிசிலிருந்து யாராவது வரவேண்டும் என்று சேதி அனுப்பிக்கொண்டிருந்தார். “பெரியவர்களைக் கூட்டுவேன், வாசலுக்குப் போவேன், எல்லாம் செய்வேன். ஆனால் அவள் ‘யார் பக்கத்தில் இருந்தது?’ என்று கேட்பாள். எனக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.” சிற்றன்னை மகளும் அவர் போகிற கோயிலில் உள்ள எரித்திரியர்களும் ஷெஃபைப் போலவே தப்பி வந்தவர்கள், அந்த மண்ணில் அவர்கள் கால் வைக்க முடியாது. எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் என்னைப் பாராமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

“ஆபிரிக்காவுக்குச் செத்தவீடு சொல்லப் போற முதல் யாழ்ப்பாணத்தான் நீங்களாத்தான் இருப்பியள்,” என்றார் மனைவி. சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையை வைத்தார். “மலையாம். குளிருமாம்.”

குளிர்ந்தது. ஆபிரிக்கா என்றால் வேர்க்கும் என்று நினைத்து இறங்கியவன் நான். அஸ்மாரா மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு எட்டாது. விசாவும் லீவும் சேர்ந்து கிடைத்து நான் வந்துசேர ஓகஸ்ற் ஆகிவிட்டது; அது அவர்களுக்கு மழைக்காலம். பின்னேர மழை விட்டதும் மாமா என்னைப் பெரிய வீதிக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் உயரமான பனைச் சாதி மரங்கள். முட்டைக்கோது நிறத்தில், முனை வளைந்த கட்டிடங்கள். கப்பல் போல ஒன்று, வானொலிப் பெட்டி போல ஒன்று. விமானம் இறக்கை விரித்து நிற்பது போல பெற்றோல் அடிக்கிற ஒரு செற். பூச்சு உதிர்ந்த சினிமாக் கொட்டகையின் வாசலில் கோப்பிக் கடை, அதற்குள் ஷெஃப் சொன்ன அதே மெஷின் சீறிக்கொண்டிருந்தது. தொப்பியும் கோட்டும் போட்ட கிழவர்கள் ஒருவருக்கொருவர் ‘ச்சாவ்’ சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதும் அந்த நேரத்தில் வீதிக்கு வந்துவிடுகிறது. வாங்க ஒன்றும் இல்லை, விற்க ஒன்றும் இல்லை, மேலும் கீழும் நடக்கிறார்கள். அப்பு நடக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட வீதி இதுதான். பேரன் நடக்க முடியாமல் போனதும் இதே வீதி. இடையில் ஒரு தலைமுறை அதில் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவும் நானும் பேசியது இத்தாலியனில். ஷெஃப் எனக்குப் படிப்பித்த குசினி இத்தாலியன் அது. அதில் உப்பு உண்டு, கொதி உண்டு, சுடும் கவனம் உண்டு, கெதியாய் என்பது உண்டு. சாவைச் சொல்ல ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. மிச்சத்தை இங்கிலிஷும் கையும் சேர்த்துச் சமாளித்தோம். அடுத்தநாள் விடியற்காலை போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் நான் மாமா வீட்டில் ஒளிந்திருக்கவேண்டும்.

ஒளிய முடியவில்லை. பாரிசிலிருந்து ஒரு மண்ணிற மனிதன் வந்திருக்கிறான் என்று வீதியில் கண்டவர் யாரோ தாயாரிடம் சொல்லிவிட்டார். மகனோடு வேலை செய்கிற ஆள் என் வீட்டுக்கு வராமல் போவதா என்று ஆள் அனுப்பிவிட்டார். போகாவிட்டால் சந்தேகப்படுவார், போனால் பொய் சொல்லவேண்டும். போனோம்.

எங்கள் பக்கத்தில் செத்தவீடு சொல்லப் போகிறவர் வெளிவாசல் படலையோடு நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே போகமாட்டார், தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முறை. நான் அந்தச் செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டி உள்ளே போய், நல்ல கதிரையில் இருந்தேன்.

தாயார் மெலிந்தவர். வெள்ளைச் சால்வை தலையை மூடியிருந்தது. ஷெஃபின் அதே வாய். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார்; மகனைத் தொட்ட ஆளைத் தொட்டுப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. கரியடுப்பை எனக்கு முன்னால் வைத்துக் கோப்பிக்கொட்டையை வறுத்தார். கறுத்து மினுங்கியதும் சட்டியைத் தூக்கிவந்து அந்தப் புகையை என் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டார். பிறகு இடித்து, இஞ்சி போட்டு, நீண்ட கழுத்து மண்கூசாவில் பொங்கவைத்தார். மூன்று தரம் ஊற்றுவார்கள். மூன்றையும் குடிக்காமல் எழும்புவது அந்த வீட்டை அவமதிப்பது என்று மாமா வழியிலேயே சொல்லியிருந்தார்.

முதல் கோப்பைக்கு, சாப்பிடுகிறானா என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். முழங்கால் நோ எப்படி என்றார். குளிருக்குக் கொஞ்சம் இருக்கிறது என்றேன். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். இரண்டாவது கோப்பைக்கு, அவன் போயிருக்கிற கடல் பெரிதா என்று கேட்டார். “பெரிதுதான்,” என்றேன். “அவனுக்கு நீந்தத் தெரியாது,” என்றார் தாயார், ஏதோ எனக்கு மட்டும் சொல்கிற ரகசியம் போல. மூன்றாவது ஆசீர்வாதக் கோப்பை. அதை ஊற்றும்போது கண்ணை மூடி நீளமாக ஏதோ சொன்னார். மாமா அதை மொழிபெயர்க்கவில்லை. மகனுடைய பெயர் அதற்குள் இரண்டு தரம் வந்தது எனக்கே கேட்டது. எங்கள் முறைப்படி அந்த வீட்டில் நான் ஒரு மிடறு தொட்டிருக்கக்கூடாது. அவர்கள் முறைப்படி தொடாமல் எழும்பக்கூடாது. குடித்தேன். அதன் கசப்பு இன்றைக்கும், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் யாராவது கோப்பி அரைத்தால், நாக்கின் அடியில் வந்து நிற்கிறது.

விடியற்காலையில் ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு பேர், மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஈரத் தெருவில் செருப்புச் சத்தம் மட்டும். நான் கம்பளிச் சட்டையோடு கடைசியில் நடந்தேன். மாமா கதவைத் தட்டினார்.

தாயார் திறந்தார். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தார். அந்த ஊரில் அந்த நேரத்தில் அப்படி ஒரு கூட்டம் வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் வெவ்வேறு நாடுகளில். “எவன்?” என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை மாமா எனக்குப் பிறகு விளங்கப்படுத்தினார். ஆனால் அப்போதே விளங்கியது. மாமா வாயைத் திறக்கமுதல் அவருடைய கண் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு பெயரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த அழுகையை எழுதமாட்டேன். வெயில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டார். யார் பக்கத்தில் இருந்தது என்று, மாமா சொன்னபடியே, கேட்டார். நான் என்றேன். என்ன சொன்னான் என்றார். பேச்சு நின்றுவிட்டது, ஆனால் வலது கை மட்டும் நிற்கவில்லை, கட்டிலில் கிடந்தபடியே சட்டியைக் குலுக்குகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது என்றேன். எப்படி என்று காட்டச் சொன்னார். காட்டினேன். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். பிறகு, “கடல் பெரிதா என்று கேட்டேன். பெரிது என்றாய்,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவில் கூடாரம் போட்டு வாங்குகள் வைத்தார்கள். நான் ஆண்களோடு இருந்தேன். வருகிறவர்கள் என் கையையும் பிடித்துவிட்டுப் போனார்கள். தாயார் என் பக்கம் பார்க்கவேயில்லை. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

வெளிக்கிடுகிற அன்று விடைபெறப் போனேன். பெண்களுக்கு நடுவில் பாயில் இருந்தார். காலைத் தொடக் குனிந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். உன் அம்மா இருக்கிறாவா என்று மாமா மூலம் கேட்டார்.

இல்லை என்றேன். நான் பாரிசில் விசாப் பேப்பருக்குக் காத்திருந்த காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்தில் போய்விட்டா, போக முடியவில்லை என்றேன். உனக்கு யார் வந்து சொன்னது என்றார். ஒருவரும் வரவில்லை, அண்ணன் போன் எடுத்தான், மத்தியானம் ரெஸ்ரோரன்ற் நிறைந்திருந்த நேரம், ஒரு கையில் போனும் மற்றக் கையில் சட்டியுமாக நின்றேன் என்று சொன்னேன். அந்தச் சட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்தது அவருடைய மகன்தான் என்றும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு ஷெஃப் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: “போனிலையோ சொன்னவங்கள்?” அப்போது அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. நான் மற்ற அடுப்பை மூட்டி மிச்சத் தட்டுகளை அனுப்பினேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். அடுத்தநாளும் வந்தேன். அழுதேனா என்று இப்போது யோசித்தால், இல்லை.

மாமா இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தாயார் என் கையை விடவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த பெண்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் எழும்பி, சால்வையைத் தலைக்கு இழுத்து, என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். வாங்கில் இருந்த ஆண்களும் எழும்பி வந்தார்கள். என்னைப் பாயில் இருத்தினார்கள். என்ன நடக்கிறது என்று மாமாவைப் பார்த்தேன்.

“உனக்கு இன்னும் ஒருவரும் வந்து சொல்லவில்லை என்கிறாள்,” என்றார் மாமா. “அம்மாவின் பெயரைக் கேட்கிறாள்.”

சொன்னேன். தாயார் அந்தப் பெயரை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் முழங்காலிட்டு, என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மொழியில், என் அம்மா செத்துப்போய்விட்டா என்று எனக்குச் சொன்னார். பின்னால் இருந்து யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விழுந்தபோது பிடிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.